மூன்று தேங்காய்

இரண்டாம் உலக யுத்தம் மூண்டதற்கு முந்தைய ஆண்டு, மாசி மாதத்தில், கரவெட்டியில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. தாதிப் பயிற்சியை முடித்துவிட்டு, வேலையை ஏற்க முன்னர் சில நாட்கள் ஊரில் நின்றேன்.

அண்ணையின் மனைவிக்கும் எனக்கும் ஒரே வயது. ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் அழைப்போம். எங்களுக்குள் ஓயாத போட்டி ஒன்று இருந்தது: நொடி போடுவது. விடுகதையோ மனக்கணக்கோ, ஒருத்தி போட்டால் மற்றவள் அவிழ்க்கும்வரை விடமாட்டாள். தேங்காய் துருவும்போதும் கிணற்றடியில் துணி தோய்க்கும்போதும் இதே வேலைதான். "பெரிய படிப்புப் படிச்ச ஆள், இது தெரியேல்லையோ?" என்று அவள் சிரித்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

அன்று பின்னேரம், வேலி அடைக்க அடுக்கிவைத்திருந்த தென்னோலைக் கிடுகுகளைத் தூக்கியபோது நாகம் அவளுடைய புறங்காலில் கொத்திவிட்டது. காலுக்குக் கட்டுப் போட்டேன். அண்ணை மாட்டு வண்டியைப் பூட்டினார். விசகடி வைத்தியர் வல்வெட்டித்துறைக்குப் போய்விட்டார் என்றார்கள். பருத்தித்துறை ஆசுபத்திரிக்கே போவோம் என்றேன். மச்சாளின் தாயார், நாங்கள் மாமி என்று அழைப்பவர், அரை மனதோடு ஏறினார்.

பாம்பு கடித்தவரை உறங்க விடக்கூடாது என்பது ஊர் வழக்கம். உறங்கினால் விஷம் தலைக்கு ஏறிவிட்டது, ஆள் முடிந்தது என்று அர்த்தம். அதனால் வண்டிக்குள் அவளுக்கு நொடிமேல் நொடியாகப் போட்டேன். முதலில் பட்டென்று விடை வந்தது. பிறகு நாக்குக் குழறியது. பயம் வந்தால் எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். நாக விஷம் முடக்குவது இமை, பேச்சு, விழுங்குதல், கழுத்து, மூச்சு என்று. அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அவளிடமிருந்து கழன்றுகொண்டிருந்தன. இமைகள் மூடிவிட்டன. தலை என் மடியில் துவண்டு விழுந்தது.

"போயிட்டுது, என்ரை பிள்ளை போயிட்டுது" என்றார் மாமி. "தம்பி, வண்டியைத் திருப்புங்கோ. அங்கை கொண்டுபோனால் சவப் பரிசோதனை எண்டு வெட்டிப்போட்டுத்தான் தருவாங்கள். வீட்டிலை கிடக்கட்டும்."

அண்ணை கயிற்றை இழுத்தார். மாடுகள் நின்றன.

"மூச்சு இருக்கு மாமி."

"மூச்சு கொஞ்ச நேரம் இருக்குந்தான் பிள்ளை. அறிவு போயிட்டுது."

எனக்கும் நிச்சயமில்லை. அவளுடைய உள்ளங்கைக்குள் என் விரலை வைத்து, காதருகே குனிந்து, அவளுக்கு அதுவரை போடாத ஒன்றைப் போட்டேன். "மச்சாள், ரெண்டு தாய்மாரும் ரெண்டு மகள்மாரும் கோயிலுக்குப் போச்சினம். ஆளுக்கொரு தேங்காய் குடுத்தினம். எல்லாமா எத்தினை தேங்காய்? விரலாலை அமத்து."

"இந்த நேரத்திலை உனக்கு விளையாட்டோ?" என்று மாமி என் தோளைப் பிடித்து இழுத்தார்.

நான் அசையவில்லை. என் விரலில் ஒரு அமத்தல், மெல்லிய அழுத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. நான்காவது வந்துவிடுமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. அவசரத்தில் யாரும் நாலு என்றுதான் சொல்வார்கள். அம்மம்மா, அம்மா, மகள் என்று மூன்று பேருக்குள்ளேயே இரண்டு தாயும் இரண்டு மகளும் அடக்கம் என்பதை யோசித்தால்தான் பிடிபடும்.

"திருப்பாதையுங்கோ அண்ணை. அவள் முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறாள். நீங்களே கேட்டுப் பாருங்கோ."

அண்ணைக்கு நொடி எதுவும் தெரியாது. உள்ளே எட்டி அவளுடைய கைக்குள் விரலை வைத்து, "என்னைத் தெரியுதோ?" என்று மட்டும் கேட்டார். விரலை மெல்ல விடுவித்துக்கொண்டார். முன்னால் திரும்பி மாடுகளை விரட்டத் தொடங்கினார்.

அவளைப் பக்கவாட்டில் சரித்து, எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் துடைத்துக்கொண்டே, தாடையை முன்னால் தாங்கிப் பிடித்திருந்தேன். நொடி போட்டபடியே இருந்தேன். ஒவ்வொரு விடையும் முந்தியதைவிடப் பலவீனமாக வந்தது. பருத்தித்துறை நெருங்கும்போது விரலும் நின்றுவிட்டது. அப்போதும் நிறுத்த எனக்குத் துணிவு வரவில்லை. பதில் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போனேன்.

ஆசுபத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள். மூச்சு ஓய்ந்தபோது, மாறி மாறி அவளுடைய நெஞ்சை அமுக்கிச் செயற்கை மூச்சுக் கொடுத்தோம். மறுநாள்தான் இமை திறந்தது. பேச்சு வர இன்னும் சில நாட்கள் பிடித்தன.

"எல்லாம் கேட்டுது மச்சாள்" என்றாள். "அம்மா திருப்பச் சொன்னதும் கேட்டுது. கத்திப் பாத்தன். சத்தம் வெளியிலை வரேல்லை." பிறகு அந்தப் பழைய சிரிப்போடு சொன்னாள்: "விரல் நிண்ட பிறகு நீ போட்டதுகளுக்கும் விடை சொன்னனான். உனக்குத்தான் கேக்கேல்லை."

இப்போது வார்டில் அசைவற்றுக் கிடக்கும் ஒருவரின் கட்டிலருகே நின்று "இனி இல்லை" என்று யாராவது சொல்ல வாயெடுத்தால், அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். அந்த மூடிய கண்களுக்குப் பின்னால் ஒருவர் விடை சொல்லிக்கொண்டே இருக்கக்கூடும் என்ற பயம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.