அண்ணியின் இரண்டு கோடுகள்

என் அண்ணி ரேடியோ சர்க்யூட் வடிவமைப்பவர். அதே கம்பெனியில் நான் ஈயத்தை உருக்கிப் பலகைகளில் சாலிடர் வைக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனால் பார்ப்பேன். அண்ணியை நான் பார்த்த அளவுக்கு அண்ணன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

வெகு காலம் சோதனைப் பிரிவில் இருந்து, அடுத்தவர்கள் செய்த சர்க்யூட்டை அளந்துகொண்டிருந்தவர் அவர். அதன் பிறகுதான் சொந்தமாக ஒரு ஃபில்டர் செய்யக் கிடைத்தது. வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை வாசலிலேயே நிறுத்துகிற சின்னப் பலகை. பலகை எப்படி வேலை செய்யும் என்று கம்ப்யூட்டரில் சிமுலேஷன் போட்டபோது, திரையில் கோடு சரியான இடத்தில் மலைபோல் எழுந்தது. பலகையைச் செய்து அளந்தால் மலை இடப்பக்கம் தள்ளி நின்றது.

மேனேஜர் வந்து பார்த்தார்.

"சிமுலேஷன்ல பலகை செஞ்ச பொருளோட குணத்துக்குப் போட்ட எண்ணைக் கொஞ்சம் மாத்துங்கம்மா. ரெண்டு கோடும் ஒட்டிக்கும். எல்லாரும் செய்றதுதானே?"

"ஒட்டும் சார். ஆனா அந்த எண்ணுல உலகத்துல பலகையே கிடையாதே."

"நாளைக்குள்ள பொருந்தலேன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன். நீங்க பழையபடி சோதனைப் பிரிவுக்கே போயிடலாம்."

வீட்டில் அண்ணன் சீண்டினான். "என்ன, ரெண்டு கோட்டுக்கும் இன்னும் சண்டைதானா? நம்மள மாதிரியே?"

"நம்ம சண்டைல தப்பு யார்மேலன்னு எனக்குத் தெரியும். அங்க அதுதான் தெரியல."

காலையில் அண்ணி முதலில் அளந்தது, பலகையோரத்தில் வெறும் நேரான செம்புப் பாதை மட்டும் இருந்த ஒரு துண்டை. சிமுலேஷனும் அளவும் அச்சாகப் பொருந்தின. பலகைப் பொருள்மேல் பழி இல்லை. பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, ஃபில்டரை என் மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

ஃபில்டரில் கெபாசிட்டர் என்று கடுகளவு உறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றின் ஒரு முனையும் பலகையின் அடியில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த முனையிலேயே தகடு இருப்பதாகப் போட்டிருந்தார். பலகையிலோ, மின்சாரம் ஒல்லியான பாதையில் சுற்றிப்போய், ஒரு துளை வழியாகக் கீழே இறங்க வேண்டியிருந்தது.

"இந்த நடையை நான் கணக்குல சேர்க்கவே இல்லடி!"

பாதையையும் துளையையும் சேர்த்துச் சிமுலேஷனை ஓட்டினார். கோடு நகர்ந்து, அளந்த கோட்டின்மேல் படுத்துக்கொண்டது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. அவருக்குப் போதவில்லை.

"நடந்து முடிஞ்சதுக்குக் கணக்கு சொல்றது பெரிசில்ல. நடக்கப்போறதைச் சொல்லணும்."

மின்சாரம் சுற்றாமல் நேரே இறங்கும்படி, ஒவ்வொரு கெபாசிட்டரின் காலடியிலும் புதிதாகத் துளையிட்டு, செம்புக் கம்பி நுழைத்து, இருபுறமும் சாலிடர் வைக்கச் சொன்னார். நான் முடிப்பதற்குள், உச்சி எங்கே வரும் என்று கணக்கிட்டு, அளக்கும் கருவியின் திரையில் மெல்லிய டேப் ஒன்றை ஒட்டிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

"இதுக்குப் பின்னால வரும் சார்."

"வரலேன்னா?"

"சோதனைப் பிரிவுக்கு எனக்கு வழி தெரியும்."

கருவியின் கேபிளைப் பலகையில் திருகி மாட்டினார். கோடு எழுந்து, உச்சி டேப்புக்குப் பின்னால் போய் மறைந்தது. நம்பாமல் மேனேஜர் டேப்பை உரித்தார். உச்சி அங்கேயே நின்றது.

"இந்த ஃபில்டர் போற ரிசீவர் முழுசையும் இனி நீங்களே பாருங்கம்மா" என்றார்.

அண்ணி அடக்கமாகத் தலையாட்டுவார் என்று நினைத்தேன். மேசையை ஓங்கித் தட்டி, "பார்த்தீங்களா!" என்று கத்தினார். பக்கத்து அறையிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்காகக் கேபிளைக் கழற்றி, மறுபடியும் முதலிலிருந்து அளந்து காட்டினார்.