கால் படாத தண்ணீர்

என் மனுசன் கிளிபோட்டுக்குப் பனியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியாது. இருபத்தாறு வருடங்களாகக் கனடாவில் ஸ்காபரோக் கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களில் பனி தள்ளுகிறார். முன்னால் இரும்புத் தகடு பூட்டிய அந்தப் பழைய பிக்கப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. "வெள்ளையைப் பார்த்தே கீழ என்ன கிடக்குதெண்டு சொல்லுவன்" என்பார். வாய்க்கொழுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கூடப் போனேன். நடுவழியில் நிறுத்தி இறங்கி, குதிக்காலால் இரண்டு தட்டுத் தட்டினார். "உதுக்குள்ள சாமான் தள்ளுற வண்டில் ஒண்டு கிடக்கு." கிண்டிப் பார்த்தால், கிடந்தது!

என் விசர் வேறு மாதிரி. எந்தத் திருத்தலத்துக்குப் போனாலும் வெறுங்கையோடு வரமாட்டேன். மடுவிலிருந்து மண், லூர்துவிலிருந்து தண்ணீர், மிட்லண்டிலிருந்து தண்ணீர். பிக்கரிங் வீட்டு அலுமாரியில் மாதா உருவத்தில் பிளாஸ்டிக் போத்தல்கள் பதினொன்று நிற்கின்றன. தலையிலுள்ள நீலக் கிரீடம்தான் மூடி. போன வைகாசியில் மகள் செரீனா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பன்னிரண்டாவது போத்தலைக் கழுவி வைத்தேன். ஏழு வருடம் காத்திருந்து வருகிற பிள்ளை. அதன் ஞானஸ்நானத்துக்கு மனிதக் கால் படாத தண்ணீர் வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு பிடிவாதம்.

ஆவணிக் கடைசியில் மகளும் மருமகனும் எங்களை மேற்கே ரொக்கி மலைக்கு அனுப்பினார்கள். கல்கரி வரை விமானம், பிறகு நாலு மணித்தியாலம் கார், பிறகு மூன்று மணித்தியாலம் நடை. அதற்குப் பிறகுதான் அந்தப் பனியாறு. இரண்டு மலைகளுக்கு நடுவே, எத்தனையோ ஆயிரம் வருடமாக உறைந்து கிடக்கிறதாம். படத்தில் அழகாக இருந்தது. நேரில் ஒரு குருவிகூட இல்லை. காலுக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் ஏதோ முறிகிற சத்தம், பிறகு அமைதி, பிறகு மறுபடியும் சத்தம்.

எங்களோடு வேறு ஐந்து பேர், எல்லாமாக ஏழு. வழிகாட்டி ஒரு மெலிந்த இளம்பெண். தோளில் கயிறு, கையில் நீளக் கோல். எங்கள் சப்பாத்துகளுக்கு முள்ளுத் தகடு பூட்டிவிட்டு ஒரே ஒரு விசயம்தான் சொன்னாள். வெறும் பனிக்கட்டியில் பிளவு கண்ணுக்குத் தெரியும், வெள்ளை விழுந்து மூடிய இடத்தில் தெரியாது, ஆகவே என் கால் பட்ட இடத்தில் மட்டும் கால் வையுங்கள். சொல்லிவிட்டு எங்களை எண்ணினாள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணினாள். இந்தப் பிள்ளை ஏன் எங்களை எண்ணிக்கொண்டே இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஓரிடத்தில் ஒரு கிணறு போலத் துவாரம். உள்ளே ஒரே நீலம். அவள் கல்லொன்றைப் போட்டாள். நாங்கள் காது கொடுத்து நின்றோம். விழுந்த சத்தம் வரவேயில்லை. நான் கிளிபோட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதே வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் போத்தல் பையில் கிடக்கிறதே! எங்கள் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓடை ஓடியது. கிளிபோட் குனிந்து போத்தலைத் திறந்தார்.

"வேண்டாம்" என்றேன். "உதில எல்லாரும் சப்பாத்தோட மிதிக்கினம். அங்கால பாருங்கோ, எவ்வளவு துப்பரவாய்க் கிடக்கு."

பத்தடி தள்ளி, ஒரு வெள்ளைத் திட்டுக்கு அப்பால், சின்னக் குட்டை. வழிகாட்டி முன்னால் யாருக்கோ சப்பாத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை போகவேண்டாமெண்டெல்லே சொன்னது" என்றார்.

"இருபத்தாறு வருசம் சினோ தள்ளின ஆளுக்கு இது தெரியாதோ?"

சொன்னது நான்தான். என் வாய்தான். என் மனுசன் சிரித்தார். வெள்ளைத் திட்டின் ஓரத்தில் நின்று, குதிக்காலால் இரண்டு தட்டுத் தட்டினார். "கல்லு மாதிரிக் கிடக்கு" என்றார். ஒரு அடி வைத்தார். இரண்டு அடி. மூன்றாவது அடியில் ஆள் பாதியாகிப் போனார்.

நெஞ்சுக்கு மேலே மட்டும் வெள்ளையில் நின்றது. இரண்டு கைகளும் சிலுவையில் போல விரிந்து கிடந்தன. கையிலிருந்த மாதா போத்தல் அவருக்குப் பக்கத்தால் உள்ளே போனது. எதிலோ ஒருமுறை தட்டியது, இன்னொருமுறை தட்டியது, பிறகு ஒன்றுமில்லை. நான் கத்திக்கொண்டு ஓடினேன்.

"மக்டலீன், வராதையும்" என்றார். கத்தவில்லை, மெதுவாகச் சொன்னார். "கீழ ஒண்டும் இல்லையப்பா. கால் ஒண்டிலயும் முட்டேல்லை."

வழிகாட்டி என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்து விழுத்தினாள். தான் வயிற்றில் ஊர்ந்து போய்க் கயிற்றை அவர் கக்கத்துக்குள் போட்டாள். மற்ற நாலு ஆம்பிளைகள் இழுத்தார்கள். கால் மணித்தியாலம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது, எந்த மாதாவைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லா மாதாவையும் கூப்பிட்டதுதான். அவர் வெளியே வந்ததும் அவள் எங்களை எண்ணினாள். ஏழு.

வீட்டுக்கு வந்தோம். இரண்டு நகம் பறந்ததைத் தவிர ஆளுக்கு ஒரு காயமும் இல்லை. செரீனாவிடம் போத்தல் தொலைந்துபோச்சு என்று மட்டும் சொன்னேன். தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகையில் முதல் பனி கொட்டியது. விடிந்ததும் கடைத்தொகுதியைப் பார்க்கிற ஸ்ரீதரன் போன் எடுத்தார். "அக்கா, அண்ணை இன்னும் வரேல்லை. ஒரு காரும் உள்ள வரேலாமல் கிடக்கு."

பிக்கப் வீட்டுக்கு முன்னாலேயே நின்றது. கிளிபோட் வாசற்படிக்குக் கீழே வெள்ளையில் நின்றார், கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடி. கம்புப் பக்கத்தால் வெள்ளையைக் குத்தினார். இழுத்தார். மறுபடி குத்தினார். பிறகு ஒரு அடி வைத்தார். வாசலிலிருந்து பிக்கப் வரை இருபதடி இருக்காது. பாதி தூரம்தான் போயிருந்தார். அவர் நின்ற இடம் வரைக்கும் வரிசையாய்த் துளைகள்.

"இஞ்சாருங்கோ, அது எங்கட டிரைவ்வே. கீழ தார்" என்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"தெரியும்" என்றார். கையை நீட்டினார். "வாரும். நான் கால் வைச்ச இடத்தில மட்டும் காலை வையும்."

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி, அவருடைய அடிகளுக்குள் ஒவ்வொன்றாக என் காலை வைத்தேன்.