துவைக்கக் கூடாத சட்டை

அந்தக் கால்பந்து கிளப்பின் சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே ரசிகர்கள் குதிக்கும் படிக்கட்டு, கீழே நான்கு வாஷிங் மெஷின்கள், நடுவில் நுரையண்ணன். இருபத்துமூன்று வருடமாக அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். புல்கறைக்கு வினிகர், ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும், பையைத் துழாவாமல் எதுவும் மெஷினுக்குள் போகக் கூடாது. பையில் கிடைப்பது வெறும் சூயிங்கம் காகிதமாக இருந்தாலும் சரி, ஒரு கவரில் போட்டு, வீரரின் எண்ணை எழுதி, மடித்த துணிமேல் வைத்துக் கொடுத்துவிடுவார்.

கேப்டன் அந்த அறையில் வளர்ந்த பிள்ளை என்றே சொல்லலாம். பதினேழு வயதில் வந்தபோது கிளப் சட்டை அவன் தோளில் நிற்கவில்லை; பிடித்துத் தைத்துக் கொடுத்தவர் அண்ணன்தான். பிறகு ஒரு வருடம் முழுக்க ஆட்டத்தில் இறக்காமல் உட்காரவைத்தார்களே, அப்போது கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மெஷின் சத்தத்தில் அவன் அழுததும் அங்கேதான். அண்ணன் அதைப் பற்றிக் கட்டிய மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

இந்த வருடம் கண்டத்தின் சாம்பியன் கோப்பை இறுதிப் போட்டிக்கு மூன்றாவது முறையாகக் கிளப் போனது. அந்தக் கோப்பையின் கதையே ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் எட்டே கிளப்புகள்தான் ஆடின. ஜெயித்தால் களத்தில் ஆடிய பதினொரு பேருக்கு மட்டும் பதக்கம், பெஞ்சில் இருந்தவன் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு இருபது பதக்கமானது. இப்போது முப்பத்திரண்டு கிளப்புகள் மோதுகின்றன. ஜெயித்தவர்களுக்குப் பரிசுப் பணம், அடுத்த வருடம் நேரடி நுழைவு, கூடவே நாற்பது பதக்கம். அந்த நாற்பது பேர் யார் என்று எழுதிக் கொடுப்பது, கிளப் வழக்கப்படி, கேப்டன்.

"நாப்பதாவது உங்களுதுண்ணே. எழுதியாச்சு," என்று அரையிறுதி முடிந்த அன்றே சொல்லிவிட்டான்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி காலண்டருக்குப் பக்கத்தில் பதக்கம் மாட்ட ஒரு ஆணி அடித்துவிட்டாள்.

"இன்னும் ஃபைனலே ஆடலடி," என்றார்.

"ஆணி சும்மாதானே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்," என்றவள், தங்கைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

ஜெயித்தார்கள். கடைசி நிமிடத்தில் கேப்டன் புருவம் கிழிந்து ரத்தம் வழிய, தலையால் முட்டி கோல் போட்டான். மேடையில் பதக்கம் கொடுத்தபோது அண்ணன் உடைமாற்றும் அறையில் ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த கேப்டன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"உங்க மெடல் ஆபீஸ் பெட்டியில பத்திரமா இருக்குண்ணே. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே போட்டு விடறேன்." பிறகு தன் சட்டையைத் தனிப் பையில் போட்டுக் கொடுத்தான். "இதை மட்டும் துவைக்காதீங்க. வரலாற்று அறைக்குப் போறது."

அது கிளப்பின் பழக்கம். முதல் இரண்டு வெற்றிகளின் கேப்டன் சட்டைகளும் சேறும் வியர்வையுமாகக் கண்ணாடிப் பெட்டியில் தொங்குகின்றன. பார்க்கும்போதெல்லாம் அண்ணனுக்குக் கை துறுதுறுக்கும். அணிந்தவர்கள் பெயர் கீழே பித்தளைத் தகட்டில் இருக்கிறது. மற்ற பத்துச் சட்டைகளை அன்று துவைத்தது யார் என்று கேட்டால் கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலை பயண உடைகளைத் துழாவியபோது கேப்டனின் பேண்ட் பையில் நான்காய் மடித்த ஒரு காகிதம். பதக்கப் பட்டியல், கேப்டன் கைப்பட எழுதிவைத்த பிரதி. பிரிக்காமல் கவரில் போட்டிருக்கலாம்; தன் பெயரை எழுத்தில் பார்க்கும் ஆசை, பிரித்துவிட்டார். நாற்பதாவது இடத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில், அதே கையெழுத்தில், கேப்டனுடைய மனைவியின் தம்பி பெயர். பந்துக்கும் பலூனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். கீழே தேதி வேறு போட்டிருந்தான்: அரையிறுதிக்கு மறுநாள்.

அடப்பாவி. "வீட்டுல தொல்லை தாங்கலண்ணே, விட்டுக்குடுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த மனிதர் கழுத்தில் விழுந்ததைக்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பார். பதக்கம் போனால் போகிறது. கட்டிப்பிடித்துக்கொண்டே பொய் சொன்னானே! வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மெஷின் ஓடவில்லை, அழுதால் வெளியே கேட்கும்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அந்தத் தனிப் பையைப் பிரித்தார். ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர். புல்லுக்கு வினிகர்.

பதினொரு மணிக்குக் கேப்டன் இறங்கி வந்தான். புகைப்படக்காரர் மேலே காத்திருந்தார். மேஜைமேல் ஆறாம் எண் சட்டை வெள்ளை வெளேரென்று, இஸ்திரி போட்டு மடித்தபடி இருந்தது.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"அழுக்கா இருந்துச்சு."

"அது வரலாறுண்ணே. இனிமே அந்தக் கறைக்கு எங்க போறது?"

அண்ணன் சட்டைமேல் இருந்த கவரை அவன் பக்கம் நகர்த்தினார். ஆறு என்று எழுதியிருந்தது. கேப்டன் காகிதத்தை எடுத்து ஒரு மடிப்பைப் பிரித்தான்; அடுத்ததைப் பிரிக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, அது வந்து..."

"பையில இருந்துச்சு. எடுத்து வச்சேன். சரியா இருக்கான்னு பாத்துக்கங்க சார்."

பதினைந்து வருடத்தில் அவர் அவனை டேய் என்பார், தம்பி என்பார். சார் என்றது அன்றுதான்.

சாயங்காலம் மனைவி வாசலிலேயே நின்று அவர் கழுத்தைப் பார்த்தாள். அவர் தன் சட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனார்.