ஐந்துக்கு ஐந்து நிம்மதி

அக்கா நர்சிங் மூன்றாம் வருஷம். நான் அவளுக்கு வைத்த பேர் ஃபினாயில்; கை கழுவாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். வாந்தி, சீழ், மலம் எதைக் கண்டும் முகம் சுளிக்க மாட்டாள். எனக்கோ அவள் விடுதிக் குளியலறையை நினைத்தாலே குமட்டும்: வடிகாலில் நாலு பேர் முடி, வாளியில் பாசி. ஞாயிறு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு போனபோது அதைவிடக் குமட்டலான ஒன்றைப் பார்த்தேன். ஒரு காகிதம்.

மன நிம்மதிப் படிவம். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மார்க். 'என் வாழ்க்கைக்குப் பொருள் உண்டு.' 'நன்றாக உறங்குகிறேன்.' நாலு மணிக்குள் கொடுக்க வேண்டுமாம்.

"கம்மியா போட்டா?"

"குழந்தைங்க வார்டு கிடையாதுன்னு காலேஜ் மேடம் சொல்லிட்டாங்க."

அந்த வார்டுக்காகத்தான் அவள் மூன்று வருஷமாகக் காத்திருந்தாள்.

"அப்போ எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுத் தொலையேன்."

"எழுதுற எடத்துல பொய் எழுதக் கூடாதுடி குரங்கே. நோயாளி சார்ட்டுல பொய் எழுதினா ஆளு செத்துடும்."

காலை ஆறிலிருந்து வார்டில் நின்றவள். ஷூவில் யாருடைய வாந்தியோ காய்ந்து கிடந்தது. பேனாவைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். படிவத்தை இழுத்துப் பார்த்தேன். ஒரு மார்க்கும் போடவில்லை. தூக்கக் கலக்கத்தில், சார்ட் எழுதும் பழக்கத்தில், ஓரத்தில் கிறுக்கியிருந்தாள்: 'நோயாளி மிகவும் சோர்வாக உள்ளார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. உறவினருக்குத் தகவல் சொல்லவும்.'

அங்கே இருந்த உறவினர் நான் ஒருத்திதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வெற்றுப் படிவம் கிடந்தது. நாற்பது ஐந்துகளைச் சுழித்து, கீழே அக்கா கையெழுத்தையும் போட்டேன். பத்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போடும்வரை அப்பா கையெழுத்தையே போட்டு வந்த கை, அக்காவுடையது எம்மாத்திரம்?

நாலு மணிக்குப் படிவம் வாங்க மேடம் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். வாயைப் பிளந்து எச்சில் வழியக் கிடந்தவளைத் தாண்டிக் காகிதத்தை வாங்கினார்.

"இருநூறுக்கு இருநூறு! பாரு, எவ்ளோ நிம்மதியா இருக்கா!"

அவர் போன பிறகும் அந்தப் பொய்யின் நாற்றம் போகவில்லை. அதில் பாதி என் கையில்தான்.

அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். "படிவம் எங்கடி?"

"குடுத்தாச்சு. ஃபுல் மார்க்."

எதற்கும் சுளிக்காத முகம் சுளித்தது. "சீ! நீ எழுதின பொய்ய வச்சு நான் அங்க போகணுமா?"

"போ. பொய் எழுதாத ஆளு அங்க ஒருத்தியாவது வேணாமா?"

அவள் எழுதிய காகிதத்தை டப்பாவின் மேல் வைத்து நீட்டினேன். "உறவினருக்குத் தகவல் வந்துருச்சு. தின்னு."

படித்தாள். டப்பா மூடியைத் திறந்தாள். ஃபினாயில் கை கழுவாமல் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.