கை ஒழியாத ஐக்காண்டே

ஐக்காண்டே மேட்டில் ஏறி வருகிறாள். தலையில் மாட்டுக்கான புல்லுக்கட்டு. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. முப்பது வருஷமாக அவள் கழுத்தே அதைப் பார்த்துக்கொள்கிறது. அப்படியும் வலக்கையில் ஒரு சீப்பு வாழைக்காய், இடக்கையில் தண்ணீர்க் கேன். தேவாலயத்துக்கும் இப்படித்தான் போகிறாள்: ஒரு கையில் பாட்டுப் புத்தகம், மறு கையில் வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் குடை. பாதிரியார் கைகுலுக்க வந்தால் முழங்கையை நீட்டுகிறாள்.

"என்னக்கா, கை ஒழியலையா?" என்று என் தையல் கடையிலிருந்து கேட்பேன்.

"ஒழிஞ்சா ஆபத்து தங்கச்சி" என்பாள். நிற்க மாட்டாள்.

மராங்கு ஊருக்கு மேலே எங்கள் மலைச் சரிவில் யோசித்து முடிவெடுப்பவள் என்று பெயர் வாங்கியவள் அவள். பாவாடைத் துணியில் நீலமா பச்சையா என்று சொல்ல என் கடைக்கு மூன்று தடவை வந்தாள். கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டு வந்தவரை நான்கு முறை நடக்கவிட்டாள். அவர் இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இன்னைக்கு வாயத் தொறக்க மாட்டேன். நாளைக்குச் சொல்றேன்."

மகளை தார் எஸ் ஸலாமுக்கு வேலைக்கு அனுப்பலாமா, மாமியாரோடு இருக்கலாமா பிரிந்து போகலாமா என்று பெண்கள் அவளைத் தேடிப் போவார்கள். புத்திமதி எதுவும் சொல்ல மாட்டாள். ஒரு கேள்வி கேட்பாள். "இந்தப் பேச்சுல இல்லாத ஆளு யாரு? அந்த ஆளு வந்து உக்காந்திருந்தாலும் இதேதான் பேசுவியா?" வந்தவள் எழுந்து வீட்டுக்குப் போவாள். நானும் ஒரு தடவை அப்படிப் போனவள்தான்.

மார்ச் மழையில், காப்பிச் சங்கத்து வளைவில், காட்லிசனின் பிக்கப் வண்டி ஐக்காண்டேயின் ஒரே மகன் எலிஃபுராஹாவை அடித்துப் போட்டது. காட்லிசன் வேறு யாருமில்லை, அவள் தங்கை எலிமினாவின் மகன். காலையிலிருந்து வாழைப்பழக் கள்ளு குடித்துவிட்டு, சம்பளத்துக்கு ஓட்டும் ரமதானியைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டுத் தானே ஓட்டி வந்தான். ரமதானி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். மேலே கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஐக்காண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். இடித்த பிறகு காட்லிசன் ரமதானியை இழுத்து ஸ்டியரிங் பக்கம் போட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தாள்.

போலீஸ் வந்தபோது மகன் தலை அவள் மடியில் இருந்தது. "யாரும்மா ஓட்டினது?" என்று கேட்டார்கள். வாய் பழக்கத்தில் சொன்னது: "நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்குள் குடும்பம் கூடி, ஓட்டினது ரமதானிதான் என்று பேசி முடித்துவிட்டது. ரமதானி உள்ளே போய்விட்டான். அவன் சிங்கிடாக்காரன், இந்தப் பக்கம் அவனுக்கு ஒரு நாதியில்லை. அவன் பெண்சாதி கைக்குழந்தையோடு வந்து, ஜெயிலுக்கு எந்த வண்டி போகும் என்று என் கடையில் கேட்டாள். வண்டியைக் காட்டினேன். அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

பிறகுதான் மசாலே இலை. எங்களில் தப்புச் செய்தவன் வேலியில் நிற்கும் மசாலேச் செடியில் ஓர் இலை வெட்டி, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் மறுக்கக் கூடாது. கையில் வாங்கிவிட்டால் மன்னித்தாயிற்று. அந்தப் பேச்சை அப்புறம் எந்தச் சபையிலும், எந்தக் கோர்ட்டிலும் எடுக்கக் கூடாது. குடும்பம் காட்லிசன் கையில் இலையைக் கொடுத்து அனுப்பியது. அன்றிலிருந்து கோர்ட் நாள் வரைக்கும் ஐக்காண்டேயின் கை ஒழியவில்லை.

என் கடை வாசலிலேயே ஒரு நாள் காட்லிசன் இலையோடு அவளை மறித்தான். இளைத்துக் கறுத்திருந்தான். "பெரியம்மா, கொஞ்சம் எறக்கி வையுங்க. நான் தூக்கிட்டு வரேன்."

"தூக்கறவன் அன்னைக்கே எறங்கி அவனைத் தூக்கியிருக்கலாமே. நீ நகந்துல்ல உக்காந்த?"

எலிமினா வந்து அழுதாள். "ஒரே வயித்துல பொறந்தவங்கதானே அக்கா நாம? போனவன் போயிட்டான். இருக்கறவனையும் புடுங்கிக்குவியா?"

"அந்த சிங்கிடாக்காரன் மட்டும் வயித்துல பொறக்கலையா?" என்றாள் ஐக்காண்டே. சொல்லிவிட்டு அவளும் அழுதாள். கண்ணைத் துடைக்கக் கையில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

எனக்கு அவள் மேல்தான் கோபம். "இலையை வாங்கிட்டு கோர்ட்லயும் சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"வாங்கிட்டுச் சொன்னா நான் குடுத்த மன்னிப்பு பொய். வாங்கிட்டுச் சொல்லாம இருந்தா நான் பாத்தது பொய்." கேனைக் கை மாற்றிக்கொண்டாள். "யோசிக்கிறவள்னு பேரு வாங்கினேன் பாரு. அந்தப் பேருக்கு ஒருத்தன் ஏழு வாரமா உள்ள கெடக்கறான்."

மோஷி கோர்ட்டில் அவள் நான்கு வாக்கியம் பேசினாள். "ஓட்டினது என் தங்கச்சி மகன். நான் பாத்தேன். செத்தது என் மகன். அன்னைக்கே சொல்லாதது என் தப்பு." காட்லிசனை அங்கிருந்தே கூட்டிப்போனார்கள். வெளியே வந்த ரமதானி அவள் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனான்.

சந்தையில் வாழைக்காய்க்காரிகள் அவள் பக்கத்திலிருந்து கூடையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். யோசனை கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. அவள் மாடு கன்று போட முடியாமல் கத்திய அன்று, கூப்பிட்டும் ஒருத்தர் போகவில்லை. கன்று செத்தே பிறந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வேலியில் ஓர் இலை வெட்டி முடிச்சுப் போட்டாள். தங்கை வீட்டுக்கு இறங்கிப் போனாள். தைத்த சட்டையைக் கொடுக்கும் சாக்கில் நானும் பின்னால் போனேன். எலிமினா ஆட்டுக் கொட்டகை முன்னால் நின்றிருந்தாள்.

"நான் சொன்னது சரிதான். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்" என்றாள் ஐக்காண்டே. "ஆனா உன் வயித்துல அடிச்சிட்டேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

எலிமினா இலையை வாங்கினாள். மன்னித்தாயிற்று என்று நினைத்தேன். அடுத்த நொடி அதை ஆட்டுக்கு வீசினாள். எங்கள் மலையில் அப்படி ஒருத்தி செய்து நான் பார்த்ததில்லை. ஆடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஐக்காண்டே குனிந்தாள். சாணியிலிருந்து இலையை எடுத்து மேல்துணியில் துடைத்தாள். தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கினாள். மறுபடியும் தங்கையிடம் நீட்டினாள்.