ஒரே தட்டுப் புலாவ்

எனக்கு எழுபத்துநாலு வயது. பெற்றது நாலு, ஓரகத்தி போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் நன்றாக இருக்கின்றன. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கூச்சம் வேறொன்றில். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் காலையில் சேர்ந்து நடப்பவர்கள் நாங்கள் நான்கு பேர். நான், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர், டீச்சரின் நாத்தனார், அப்புறம் நர்சம்மா. நர்சம்மாவைப் பெற்றவள் எங்கள் வயலில் நாற்று நட்டவள். என் மாமியார் அவளுக்குக் கஞ்சி ஊற்றியது தனி அலுமினியச் சட்டியில். அந்தச் சட்டி வீட்டுக்குள் வராது, மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். இப்போது வயலும் இல்லை, கொட்டகையும் இல்லை, அங்கே அடுக்குமாடி நிற்கிறது. நர்சம்மா என்னை அக்கா என்பாள். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் கைத்தாங்கலாக வீடு வரை கொண்டுவந்து விடுவாள். நான் வித்தியாசம் பார்க்காதவள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் பேத்திக்கு மறைமலை நகரில் இன்ஜினியர் வேலை கிடைத்தது. போன ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு விருந்து வைக்கிறேன் என்று, தாம்பரத்தில் புதிதாக வந்திருக்கும் ஆப்கானி சாப்பாட்டுக் கடைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனாள். தரையில் சிவப்பு ஜமக்காளம், சாய்ந்துகொள்ளத் திண்டு. முழங்காலைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். கடைக்காரர் அந்த நாட்டுக்காரராம், தமிழ் கொஞ்சம் பேசினார். பெரிய தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மேலே கேரட்டும் திராட்சையும், அடியில் ஆட்டுக்கறி.

"எங்க ஊர்ல எல்லாரும் ஒரே தட்டு, அம்மா. அதான் மரியாதை" என்றார்.

"இன்னாடி இது, சர்க்கரைப் பொங்கலுக்கும் பிரியாணிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சா மாதிரி கீது" என்றாள் நாத்தனார்.

டீச்சர் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு அவள்தான் முதலில் கை வைத்தாள். அவள் பக்கத்துக் கறி நன்றாக வெந்திருந்தது. அவள் பிய்த்து வைத்ததையே எடுத்து நான் இரண்டு வாய் தின்றேன். விரலைக்கூடச் சூப்பினேன்.

கை கழுவப் போயிருந்த நர்சம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டில் கை விட்டு, எலும்பை ஒதுக்கி, மெத்தென்று ஒரு துண்டை என் முன்னால் தள்ளினாள்.

"உங்களுக்குப் பல்லு ஆவாதே. இத சாப்பிடுங்கக்கா."

என் கை பின்னால் போனது. நான் இழுக்கவில்லை, அதுவாகப் போனது என்று எழுதத்தான் மனசு வருகிறது. என் கைதானே.

"டாக்டர் பத்தியம் சொல்லிகிறார்மா. அடுத்தவங்க கை பட்டது ஆவாதாம். எனக்குத் தனியா ஒரு தட்டு சொல்லேன்" என்றேன்.

நர்சம்மா என் கையைப் பார்த்தாள். விரலில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளிடம் நான் பத்தியம் சொல்கிறேன்.

"நீங்க எதுக்குக்கா தனியா நகர்ந்து கஷ்டப்படணும்? நீங்க மூணு பேரும் இதுலயே சாப்பிடுங்க" என்றாள். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணா, எனக்கு ஒரு தட்டு தனியா குடுங்க."

தட்டு வந்தது. கரண்டியால் கொஞ்சம் போட்டுக்கொண்டு ஜமக்காளத்தின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். விருந்து கொடுத்தவள் அவள். அவள் தட்டு எனக்கு அலுமினியச் சட்டியாகத் தெரிந்தது. டீச்சர் திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் முன்னால் நர்சம்மா தள்ளிய கறித்துண்டு அப்படியே ஆறிக் கிடந்தது. அப்போதாவது அதை எடுத்து வாயில் போட்டிருக்கலாம். போடவில்லை. எழுந்திருக்கும்போது வழக்கம்போல எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள், அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றிருந்தாள்.

"வாங்கம்மா, முட்டிவலி எப்படி இருக்கு?" என்றாள்.

அக்கா இல்லை, அம்மா. அவளைப் பெற்றவள் என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவாள். அன்றைக்கு நடந்து முடிக்கிறவரை என்னை அவள் அக்கா என்று சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு நான் நடக்கப் போகவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், இத்தனை வருஷத்தில் அவள் வீட்டில் காபி குடித்திருக்கிறேன், ஒரு வாய் சோறு தின்றதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது.

நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். பத்தியம் என்றது பொய் என்று சொல்லிவிட்டு, அவள் தட்டிலிருந்தே சோறு கேட்கப் போகிறேன். போட்டால் தின்பேன். போடாவிட்டால் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவேன், அது அவள் இஷ்டம். வெறும் வாயால் சொன்னால் மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதினேன்.

பாப்பா, அந்தப் போனை வெச்சிட்டு இங்க வா. பாட்டி எழுதினத சத்தமா படி. எழுத்து கோணலாதான் இருக்கும், கூட்டிப் படி. எங்கனா நான் என்னை நல்லவளா காட்டிக்கினு எழுதியிருந்தா, அங்கேயே நிறுத்து.