கரடியை மன்னித்த அணிலும் பக்கத்து வீட்டு மழைத் தண்ணீரும்

காலாண்டுப் பரீட்சை லீவில் உங்கள் இருவரையும் அந்தக் கார்ட்டூன் படத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு கரடி, அணில் சேர்த்து வைத்ததையெல்லாம் தின்றுவிட்டு அதன் பொந்தையும் உடைத்துப் போடுகிறது. கடைசியில் அணிலே ஓடிப்போய்க் கரடியைக் கட்டிப்பிடிக்கிறது, ஒரே பாட்டு. நீங்கள் அழுதீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரடி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதா, கவனித்தீர்களா?

பைக்கில் திரும்பும்போது பெரியவளே, நீ கேட்டாய். “அப்பா, நாமளும் பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட பழம் விட்டுடலாமா?”

“பேசாம கெட்டியா புடிச்சுக்கோ” என்றேன்.

பழம் விட முடியாத காரணத்தை இப்போது எழுதிவைக்கிறேன். சிட்லபாக்கத்தில் ரோடு உயர உயர, வசதியுள்ளவர்கள் மண் கொட்டி மனையை உயர்த்திக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் உயர்த்தினார். அதோடு, தெருக் கால்வாய்க்குத் தண்ணீர் போகும் வழியை அடைத்து, கார் ஏற சிமெண்ட் சரிவு ஒன்றும் போட்டார். போன வருஷ மழையில் அவர் வீட்டுத் தண்ணீர் முழுவதும் நம் மதில் சுவரின் அடியில் இருந்த ஓட்டை வழியாக நம் கூடத்துக்குள் வந்தது. உங்கள் பாடப் புத்தகங்கள் மிதந்தன. ஃபிரிட்ஜ் போயே போய்விட்டது. போய்ச் சொன்னேன்.

“இன்னா சார், மழைன்னா தண்ணி வராதா? நீங்களும் வூட்ட ஒசத்திக்கங்க” என்றார், பல் குத்திக்கொண்டே.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே ஒரு பழைய நாவலைப் படித்து முடித்திருக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன்; வளர்ந்ததும் நீங்களே தேடிப் படியுங்கள். நண்பனின் பொய்ச் சாட்சியால் நிலத்தை இழந்த ஒருவன், வருஷக்கணக்காக அவனுக்குத் தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டே காத்திருந்து பழி தீர்க்கிறான். ஜெயித்த பிறகு அவன் மனசு வெறுமையாகிவிட்டது என்று ஆசிரியர் முடித்திருக்கிறார். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் நம்பவில்லை. பெரிய எழுத்தாளர்தான். ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் வந்திருக்காது.

நானும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தினமும் வணக்கம் சொன்னேன். சுவர் நம்முடையது. கோடையில் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டேன். அவர் கவனிக்கவே இல்லை.

படம் பார்த்து வந்த மறுவாரமே மழை பிடித்துக்கொண்டது. காலையில் அவர் கார் டயர் பாதி முங்கி நின்றது. தண்ணீர் அவர் வாசல்படியைத் தொட்டுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

“சார், ஓட்டைய அடைச்சிட்டீங்களா? கொஞ்சம் தொறந்து வுடுங்க சார், உள்ள பூந்துடும்!”

“உங்க சரிவ இடிங்க சார். தண்ணி தெருவுக்குப் போயிடும்.”

“புதுசா போட்டது சார்!”

“எங்க ஃபிரிட்ஜும் புதுசுதான்.”

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு மழையில் இறங்கினார். நான் டீ டம்ளரோடு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“பாவம்ப்பா, நனையுறாரு” என்றாய், பெரியவளே.

“பாவம்தான். இடிக்கட்டும்.”

சிமெண்ட் பாளம் பெயர்ந்ததும் தண்ணீர் குபுகுபுவென்று தெருவுக்கு ஓடியது. அவர் மூச்சு வாங்க நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இப்ப சந்தோஷமா சார்?”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றேன்.